ஸ்டோர் அம்மாவின் பாஸ்வேர்ட்

சிம் கார்டு எடுக்கிற ஊசியைக் கேமராப் பெட்டியின் பின்பக்க ஓட்டைக்குள் விட்டு அழுத்திப் பிடித்தபடி, முன்பக்க விளக்கையும் பார்ப்பதற்காகக் கழுத்தை ஒடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளக்கு சிவப்பாகி விட்டுவிட்டு எரிந்தால் ரீசெட் ஆகிவிட்டது என்று அர்த்தம். அது பச்சையிலேயே நின்றது. மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் குத்தினேன், விட்டுவிட்டுக் குத்தினேன், குத்தியபடியே மின்சாரம் கொடுத்தேன். செவிடன் காதில் சங்குதான். இந்தத் தொழிலில் நான் பார்க்காத பெட்டி கிடையாது என்று வாசலில் நின்று அந்த வீட்டுக்காரரிடம் அளந்துவிட்டு வந்திருந்தேன். அந்த வாயைத் தைத்துக்கொண்டிருக்கலாம்.

சோபாவில் உட்கார்ந்து என் வேலையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார் அந்த வீட்டு அம்மா. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்துக் கிடங்குக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே டாக்டர் முதல் துப்புரவு ஆள் வரை எல்லோருக்கும் அவர் ஸ்டோர் அம்மா. அவர் கையெழுத்தில்லாமல் ஒரு பஞ்சுருண்டை வெளியே போகாது, அலமாரிச் சாவியை உயிர் போனாலும் இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டார் என்று அவருடைய கணவர் பெருமையாகச் சொன்னார். கணவர் பஸ் ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகும் காக்கி நிறத்தில்தான் சட்டை போடுகிறார். வேறு நிறம் போட்டால் யாரோ போல் இருக்கிறதாம்.

என்னை உள்ளே விடுவதற்கு முன்னாலேயே, கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்து டிரைவர் ஐயா விஷயத்தைச் சொல்லிவிட்டார். அம்மாவுக்குக் கொஞ்ச காலமாக மறதி. சாதாரண மறதி கிடையாது. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஒருமுறை மழையில் நனைந்துகொண்டு எங்கேயோ ஒரு பாலத்தடியில் நின்றவரை யாரோ புண்ணியவான் கூட்டிவந்து விட்டிருக்கிறார். இன்னொரு முறை காலில் ரத்தத்தோடு. லாரிகள் போகிற பெரிய சாலை தெருமுனையில்தான் இருக்கிறது. கதவைப் பூட்டி வைத்துப் பார்த்திருக்கிறார். உள்ளங்கை வீங்குகிற வரைக்கும் கதவைத் தட்டி, யாரோ ஒருத்தன் என்னை அடைத்து வைத்திருக்கிறான் என்று தெருவைப் பார்த்துக் கெஞ்சியிருக்கிறார் அந்த அம்மா. அந்த யாரோ ஒருத்தன் தான்தான் என்று சொன்னபோது டிரைவர் ஐயா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அன்றோடு பூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டாராம்.

"குளிக்கப் போனாக்கூட கதவைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் தம்பி குளிக்கிறேன். காதுல சோப்பு போடுறதில்ல" என்றார்.

அவர் கேட்டது பெரிய உதவி இல்லை. வீட்டில் கேட், முன்வாசல், பக்கச் சந்து, சமையலறைப் பின்கதவு என்று நாலு கேமரா இருந்தது. நாலும் டிவிக்குக் கீழே இருந்த ஒரே பெட்டியில் வந்து சேரும். வாசல் கேமரா முன்னால் ஆள் நடமாடினால் போனில் மணி அடிக்கிற வசதி அதில் உண்டு. அந்த மணி அம்மாவின் பழைய போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த போன் பாலத்தடியிலேயே தொலைந்துவிட்டது, நம்பரும் போய்விட்டது. மணியை இவர் போனுக்கு மாற்றவேண்டும். மாற்றப் பெட்டியின் பாஸ்வேர்ட் வேண்டும். பாஸ்வேர்ட் வைத்தது அம்மா. இந்த வீட்டில் மின்சாரம், நெட், மோட்டார், கேமரா எல்லாமே அம்மாவின் துறை. டிரைவர் ஐயாவுக்கு ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதிலும் அதிகாரம் இருந்ததில்லை.

கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். மறதி பற்றி அம்மாவின் எதிரில் பேசக்கூடாது. பெட்டியில் கோளாறு, பார்க்க வந்திருக்கிறேன், அவ்வளவுதான். அவருக்குத் தன் மறதி தெரியாதா என்று கேட்டேன். சில நேரம் தெரிகிறது, தெரிகிற அன்றைக்கு நாள் முழுக்கச் சாப்பிடுவதில்லை என்றார். எனக்கு உள்ளே போகவே கால் வரவில்லை. பெட்டியைத் திறந்தோமா, மூடினோமா, வண்டியை எடுத்தோமா என்று இருக்கிறவன் நான். அடுத்தவர் வீட்டுத் துக்கத்துக்கு என் பையில் ஸ்பானர் கிடையாது.

ஊசி வேலைக்காகவில்லை என்றதும் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். பாட்டு, அப்புறம் ஒரு பெண். பெட்டியின் எண்ணைச் சொன்னேன். வாங்கியவரின் போனுக்கு ஒரு குறியீடு அனுப்புகிறோம், அதைப் படித்துச் சொல்லுங்கள் என்றாள். அந்த போன் இல்லை என்றேன். அப்படியென்றால் அதே நம்பரில் புது சிம் வாங்குங்கள் என்றாள். அந்த நம்பரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்றேன். அவளும் பாவம், எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறவள். கடைசியில் இரக்கப்பட்டோ என்னவோ ஒரு தகவல் சொன்னாள். மெனுவில் ஒரு மூலையில் அந்த ரீசெட் பொத்தானையே முடக்கி வைக்க ஒரு வழி இருக்கிறதாம். யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்களாம். இந்தப் பெட்டியில் யாரோ போயிருக்கிறார்களாம்.

போனை வைத்துவிட்டு, கிணற்றில் கல்லைப் போடுகிற மாதிரி சும்மா கேட்டுவைத்தேன், இதில் ரீசெட் பொத்தானை யாராவது முடக்கினார்களா என்று.

"நான்தான்" என்றார் ஸ்டோர் அம்மா உடனே. "திருடன் வந்தா முதல்ல அந்த ஓட்டையிலதான குத்துவான்? அதான் அடைச்சு வச்சேன். புத்தகத்துல கடைசிப் பக்கத்துல போட்டிருந்தது. உங்க ஆளுங்க யாரும் அதுவரைக்கும் படிக்கிறதில்ல."

அது உண்மை. நானும் படித்ததில்லை. அவர் சொன்ன விதத்தில் ஒரு நிமிர்வு இருந்தது. கிடங்கின் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று எத்தனை பேரை இப்படித் திருப்பி அனுப்பியிருப்பார் என்று தோன்றியது. பெட்டியைப் பூட்டியது நினைவிருக்கிறது, எதற்காகப் பூட்டினோம் என்பது நினைவிருக்கிறது, எதைக் கொண்டு பூட்டினோம் என்பது மட்டும் போய்விட்டது. இவ்வளவு கெட்டிக்காரியாக இவர் இல்லாமல் இருந்திருந்தால் வந்த வேலையை எப்போதோ முடித்திருப்பேன். எனக்கு யார் மேலோ கோபம் வந்தது. யார் மேல் என்று பார்த்தால் ஆளைக் காணோம்.

அப்புறம்தான் அம்மா சொன்னார், "பாஸ்வேர்ட்தான வேணும்? அதைக் கேக்கவேண்டியதுதான? அடிங்க, சொல்றேன்."

நான் டிரைவர் ஐயாவைப் பார்த்தேன். அடி என்று கண்ணாலேயே சொன்னார். தப்பாக அடித்தால் பெட்டி கொஞ்ச நேரத்துக்குத் தன்னைத்தானே பூட்டிக்கொண்டுவிடும், வேறு எதையும் முயன்று பார்க்கமுடியாது என்பதை வாசலிலேயே அவருக்குச் சொல்லியிருந்தேன். இருந்தும் அடிக்கச் சொல்கிறார். அம்மா ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல், நான் தப்பு விட்டுவிடுவேனோ என்ற கவலையோடு சொன்னார். அடித்தேன். தவறு என்று வந்தது. நீங்கள் பெரிய எழுத்தைச் சின்னதாகப் போட்டுவிட்டீர்கள் என்றார். பெரிதாகப் போட்டேன். தவறு. இது பழையது, மாற்றினேனே என்று இன்னொன்று சொன்னார். அதில் ஆஸ்பத்திரியின் பெயரும் ஏதோ ஒரு மாத்திரையின் பெயரும் கலந்திருந்தது. தவறு. ஒவ்வொரு தவறுக்கும் அவர் முகத்தில் சந்தேகம் என் மேல்தான் வந்தது, அதை நான் மனதார ஏற்றுக்கொண்டேன். என் கை தடிமன்மா, மவுஸ் பக்கத்து எழுத்துக்கு ஓடிடுது என்றேன். டிரைவர் ஐயா என்னை நன்றியோடு பார்த்தார். பெட்டி தன்னைப் பூட்டிக்கொண்டது.

டிரைவர் ஐயா சமையலறைக்குள் என்னைக் கூட்டிப்போய்க் குரலைத் தணித்துக்கொண்டு இனி என்ன வழி என்றார். புதுப் பெட்டி போடுவது ஒன்றுதான் வழி என்றேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் முகம் சம்மதிக்கவில்லை. நல்லா இருக்கிறதை ஏன் மாத்துறீங்கன்னு கேட்பாள், பாஸ்வேர்ட் தெரியலன்னு நான் எப்படிச் சொல்வேன் என்றார். பெட்டி எரிந்துபோச்சு என்று ஒரு பொய் சொல்லுங்களேன் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் பொய் சொல்லி ஒருதரம்கூடத் தப்பித்ததில்லை என்றார். மறந்துபோகிறவரிடம்கூடவா என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எப்போதாவது தோன்றும். இதே மாடலில் ஒரு பெட்டி என் கடை அலமாரியில் கிடந்தது. அதே கறுப்பு, அதே விளக்கு, அதே அளவு. அம்மா மதியம் சாப்பிட்டதும் கொஞ்சம் கண்ணயர்வார். அந்த நேரத்தில் பழையதை எடுத்துவிட்டு அதே இடத்தில் இதை வைத்துவிட்டால் பெற்ற தாயே அடையாளம் காணமுடியாது. எழுந்து வந்து பார்த்தால் டிவியில் வழக்கமான நாலு கேமராக் கட்டம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும், மணி மட்டும் டிரைவர் ஐயாவின் சட்டைப்பையில் அடிக்கும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. நான் பறந்துபோய்ப் பெட்டியோடு வந்தேன்.

வந்தபோது அம்மா உள்ளறையில் படுத்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் திருடர்களைப்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தோம். பழைய பெட்டியை உருவினேன். தூசு தும்மலைக் கிளப்பியது, மூக்கைப் பிடித்துக்கொண்டேன். வயர்களை அதே வரிசையில் செருகினேன். டிரைவர் ஐயா உள்ளறைக் கதவுக்கும் எனக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, பழைய நினைப்பில் கண்டக்டர் மாதிரி எனக்கு ரைட் கொடுத்தார். சிரிப்பு வந்துவிட்டது இரண்டு பேருக்கும். கேமராக்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தன. திரையில் புதிய பாஸ்வேர்ட் வைக்கவும் என்று வந்தது. கீழே இரண்டு வெற்றுக் கட்டம். என்ன வைக்கலாம் ஐயா என்று நான் காதோடு கேட்க, அவர் தன் பழைய பஸ்ஸின் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தார்.

"அட, ரீசெட் ஆயிடுச்சா?"

அம்மா கதவருகில் நின்றிருந்தார். முடி கலைந்திருந்தது, கன்னத்தில் தலையணை மடிப்பு. ஆனால் கண் காலையில் பார்த்த கண் இல்லை, முழுசாக விழித்த கண். திரையைப் படித்தார். படித்தது புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. டிரைவர் ஐயா எத்தனை நாளாக அந்த முகத்தைப் பார்க்காமல் இருந்தாரோ, அவர் வாயைத் திறந்தபடி நின்றார். அம்மா நேராக வந்து, "நகருங்க தம்பி, இது நான் செய்யவேண்டியது" என்று மவுஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

கொடுத்திருக்கக் கூடாது. ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம், வயரைத் தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் டிரைவர் ஐயா வேண்டாம் என்று சொல்லவில்லை, அவர் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? அம்மா இடது கையைத் திரைக்குக் குறுக்கே மறைப்பாக வைத்துக்கொண்டு எழுத்துகளைத் தேடித் தேடி அமுக்க ஆரம்பித்தார். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்காரர் பாஸ்வேர்ட் வைக்கும்போது நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, ஆனால் திருப்பாதவனை அடுத்த தடவை யாரும் கூப்பிடமாட்டார்கள். என் கழுத்து என்னைக் கேட்காமலே சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது. பார்த்தால் டிரைவர் ஐயாவும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கும் அது இந்த வீட்டுப் பழக்கம். எதைத் தெரிந்துகொள்வதற்காக இந்த வீட்டில் காலையிலிருந்து நாய் படாத பாடு பட்டோமோ, அது எங்களுக்கு நடுவில் டிக் டிக்கென்று விழுந்துகொண்டிருந்தது. இரண்டு ஆண்பிள்ளைகள் அதைப் பார்க்காமல் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குப் புத்தி வந்து திரும்பியபோது இரண்டாவது கட்டத்திலும் புள்ளிகள் நிறைந்திருந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயிருந்தது. பெட்டி ஏற்றுக்கொண்டு, ஒருமுறை அணைந்து எழுந்தது. நாலு கட்டமும் பளிச்சென்று வந்தன.

"ஆச்சு" என்றார் அம்மா.

போனில் மணியை மாற்ற அந்தப் பாஸ்வேர்ட் வேண்டுமே என்று பணிவாகக் கேட்டேன். உங்களிடம் எதற்கு, நீங்கள் வேலை முடிந்தால் போய்விடுவீர்கள், பாஸ்வேர்ட் வீட்டோடு இருக்கவேண்டியது என்றார். நியாயம்தான். நான் வழக்கமாக மற்றவர்களுக்குச் சொல்கிற புத்திமதி.

"எங்கிட்டயாவது சொல்லேன்" என்றார் டிரைவர் ஐயா. கேலியாகக் கேட்கப் பார்த்தார்.

"உங்ககிட்டயா? உங்ககிட்ட சொன்னா டிப்போ முழுக்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அம்மா சிரித்தார். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அவர் கெஞ்சியிருந்தால் அம்மா சொல்லியிருப்பாரோ என்னவோ. கெஞ்சுவதற்கு ஒரு காரணம் சொல்லவேண்டும், அந்தக் காரணத்தைத்தான் அவரால் சொல்லமுடியாது.

அம்மா உள்ளறைக்குப் போனதும் அவரிடம் தைரியம் சொன்னேன். ஒன்றும் மோசம் போகவில்லை ஐயா, இது புதுப் பெட்டி, இதில் அந்தப் பொத்தான் உயிரோடு இருக்கிறது. அம்மா நன்றாகத் தூங்கட்டும், ஊசியால் குத்தி, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு உங்கள் பஸ் நம்பரை வைத்துவிடலாம், கால்மணி நேர வேலை. அவர் முகம் தெளிந்தது. இருங்க, டீ போடுறேன், அவளும் குடிச்சிட்டுப் படுக்கட்டும் என்று சமையலறைக்குப் போனார். பாத்திரம் உருளுகிற சத்தமும் அவர் ஏதோ முணுமுணுத்துப் பாடுகிற சத்தமும் கேட்டது. நான் டிவி மேஜைக்கு அடியில் தலையை விட்டு வயர்களைச் சுருட்டிக் கட்டினேன். கட்டுகிற வேலை எனக்குப் பிடிக்கும். ஒழுங்காகக் கட்டிவிட்டால் செய்த வேலையெல்லாம் ஒழுங்காக முடிந்துவிட்டது என்று தோன்றும். தலைக்கு மேலே திரை ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று டம்ளரோடு வந்தவர், "அவ எங்க?" என்றார்.

மேஜைக்கு அடியிலிருந்து நான் வெளியே வருவதற்குள் அவர் உள்ளறையைப் பார்த்துவிட்டார், குளியலறையைப் பார்த்துவிட்டார். டம்ளர்கள் எங்கே விழுந்தன என்று தெரியாது. திரையில் முன்வாசல் கட்டத்தில் கதவு திறந்து கிடந்தது. கேட் கட்டத்தில் கேட் திறந்து கிடந்தது. அம்மாவின் செருப்பைக் காணோம். பின்கதவும் சந்தும் பகல் வெயிலில் சும்மா இருந்தன. நாலு கேமராவும் ஒரு நொடி விடாமல் பார்த்திருக்கின்றன, பார்க்கவேண்டிய நான் அவற்றின் கீழே குனிந்திருந்திருக்கிறேன். டிரைவர் ஐயா வெறுங்காலோடு ஓடினார். முதலில் வாசல் கட்டத்தில் தெரிந்தார், அப்புறம் கேட் கட்டத்தில்.

நான் மவுஸைப் பிடித்தேன். எந்தப் பக்கம் போனார் என்று தெரிந்தால் போதும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நடந்தது, பெட்டிக்குள்தான் இருக்கிறது, பின்னால் ஓட்டினால் கேட்டைத் திறந்து இடது பக்கமோ வலது பக்கமோ அவர் திரும்புவது முகம் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருக்கும். பழைய பதிவு என்பதை அமுக்கினேன். பாஸ்வேர்ட் என்று கேட்டது. ஆஸ்பத்திரியின் பெயரை அடித்தேன். தவறு. அந்த மாத்திரையின் பெயரை அடித்தேன். தவறு. ஊசியால் குத்தித் திறக்கக் கால்மணி நேரம் ஆகும், பதிவும் துடைத்துக்கொண்டு போய்விடும்.

கேட் கட்டத்தில் டிரைவர் ஐயா நடுத்தெருவில் நின்று ஒரு பக்கம் ஓடப்போனார், நின்றார், மறு பக்கம் திரும்பினார், மறுபடியும் நின்றார். ஒரு பக்கம் பெரிய சாலை. தப்பான பக்கம் ஓடிவிட்டால் திரும்பி வந்து சேர்வதற்குள் நேரம் போய்விடும். அப்போது அவருக்கு என் நினைவு வந்திருக்கவேண்டும். கேட்டுக்கு ஓடிவந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நிமிர்த்திக் கேமராவைப் பார்த்தார். காலையில் எனக்கு அந்தக் கேமராவை அவர்தான் காட்டினார், ரொம்ப நல்ல கேமரா, பூனை போனாக்கூடப் பிடிச்சிடும் என்று. இப்போது கையை விரித்து இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று கேட்டார். குரல் எனக்குக் கேட்கவில்லை, இந்தக் கேமராவில் சத்தம் வராது. என் குரலும் அவருக்குப் போகாது. படம் மட்டும் அவ்வளவு தெளிவாக இருந்தது, நெற்றியில் ஓடிய வியர்வை தெரிந்தது. அவர் கையை இறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், அவர் முகத்துக்கு மேலேயே பாஸ்வேர்ட் கேட்கிற அந்த வெற்றுக் கட்டமும் திறந்து நின்றது.